முதல் படிக்கு முன்னால்

அவளை யாராவது டீச்சர் என்று கூப்பிட்டால் அவளுக்குப் பிடிக்காது. "நான் டீச்சர் இல்லைங்க, பயிற்சியாளர்" என்று பத்தொன்பது வருடமாகச் சொல்லிப் பார்த்துவிட்டாள். எதிரே இருப்பவர்கள் பணிவாகத் தலையாட்டி, "சரிங்க டீச்சர்" என்பார்கள். தொழிற்சாலை மேற்பார்வையாளர், கிடங்குப் பொறுப்பாளர், ஆஸ்பத்திரியில் துப்புரவு ஆட்களை வேலை வாங்குகிறவர் என்று நாலு பேருக்கு மேலே உட்கார்த்தி வைக்கப்பட்டவர்கள் எல்லாம் இரண்டு நாள் அவளிடம் வருவார்கள். நல்ல தலைவன் ஆவது எப்படி என்று அவள் சொல்லிக் கொடுப்பாள். இரண்டாம் நாள் மாலை சான்றிதழும் குழுப் புகைப்படமும் உண்டு. நல்ல தலைவனாகாமல் வீட்டுக்குத் திரும்பியவர் எவரும் இல்லை, புகைப்படத்தைப் பார்த்தால் அப்படித்தான் தெரியும்.

அவளுடைய சொத்து ஐந்து படிகள். கீழே வேலை செய்பவரிடம் கசப்பான ஒரு விஷயத்தைப் பேச வேண்டியிருந்தால் என்ன செய்வது? ஒன்று, நடந்ததை நடந்தபடி சொல். இரண்டு, அதனால் என்ன ஆயிற்று என்று சொல். மூன்று, அவரைப் பேச விடு. நான்கு, குறுக்கிடாமல் கேள். ஐந்து, இனி என்ன என்பதை இருவரும் சேர்ந்து முடிவு செய். வெள்ளைப் பலகையில் படிக்கட்டு வரைந்து, உச்சிப் படியில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கும் ஒரு குட்டி மனிதனையும் வரைவாள். அதே படத்தை மஞ்சள் அட்டையில் அச்சடித்து, லேமினேட் செய்து, சட்டைப் பைக்குள் அடங்குகிற அளவில் ஆளுக்கொன்று கொடுப்பாள்.

அட்டையைச் சும்மா பழிக்கவும் கூடாது. வாய்க்கு வந்தபடி கத்திக்கொண்டிருந்த எத்தனையோ பேர் அதைப் பார்த்துக் குரலைத் தணித்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கீழே வேலை செய்தவர்கள் அவளை வாழ்த்தியிருப்பார்கள். வாழ்த்தவில்லை என்றால் நன்றி கெட்டவர்கள்.

போன மாதம் லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. பலகையில் படிக்கட்டைப் பார்த்ததுமே ஒருவன், "எதுக்கு டீச்சர் படி? நாங்க லிஃப்ட் ஆளுங்க, நேரா மேல போயிடுவோம்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். சிரிக்காமல் குனிந்து எழுதிக்கொண்டிருந்தவர் ஒருவர்தான். புதிதாக ஃபோர்மேன் ஆகியிருந்தவர். நாற்பத்து நாலு வயதில் பள்ளிக்கூடப் பையனைப் போலக் கோடு போட்டு எழுதினார். அவரை அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. சொன்னதை எழுதிக்கொள்கிற மாணவனை எந்த டீச்சருக்குத்தான் பிடிக்காது?

அந்த ஃபோர்மேன்தான் இன்று, சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, பயிற்சி அறை வாசலில் வந்து நின்றார். அவள் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் கையில் மஞ்சள் அட்டை இருந்தது. செத்த பல்லியைத் தூக்கிக்கொண்டு வந்தவர் போல அதை ஓரத்தில் பிடித்திருந்தார்.

"அஞ்சு படியும் ஏறிட்டேன் டீச்சர். ஆள் போயிட்டாரு."

"யாரு போயிட்டாரு? முதல்ல உக்காருங்க."

உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தாள், குடிக்கவில்லை. விஷயம் மெல்ல மெல்ல வந்தது.

பதினான்கு வருடமாக அவரோடு ஜோடியாக வேலை செய்பவர் ஒருவர். கம்பெனியில் அவருக்குப் பெயர் நட்டண்ணன். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பித்தளை நட்டு வைத்திருப்பார், வேலை எதையும் யோசிக்கும்போது அதைக் கட்டைவிரலால் உருட்டுவார், அதனால் அந்தப் பெயர். கை வேலையில் அவரை அடிக்க ஆள் கிடையாது. அப்படிப்பட்டவர் இரண்டு மாதமாக ஆமையாகிவிட்டார். ஒரு மணி நேர வேலைக்கு இரண்டரை மணி நேரம். கட்டடக்காரர்கள் ஆபீசுக்குப் போன் போட்டுக் கத்துகிறார்கள், ஆபீஸ் ஃபோர்மேனைப் பார்த்துக் கத்துகிறது. ஃபோர்மேன் கத்தவில்லை. அட்டையை எடுத்தார்.

"மனசுல வெச்சுக்கிட்டுத்தானே பேசினீங்க?"

"இல்ல டீச்சர், கையில வெச்சுக்கிட்டு. ஒண்ணு விட்டுப் போயிடக் கூடாதுல்ல."

அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. "அப்புறம்?"

"முதல் படி சரியா வந்துச்சு. 'அண்ணே, இந்த மாசம் ஆறு வேலை லேட்டு'ன்னு தேதியோட சொன்னேன். ரெண்டாவதும் சொன்னேன். மூணாவதுக்கு அட்டையில எங்க இருக்கேன்னு விரல் வெச்சுப் பாத்தேன். அவரும் எட்டிப் பாத்தாரு. படிச்சாரு. 'ஓகோ, இப்ப நான் பேசணும் போலிருக்கே'ன்னாரு. நான் ஆமாண்ணேன்னேன்."

"பேசினாரா?"

"இல்ல. டூல்ஸ் பைய தரையில வெச்சாரு. சட்டைப் பையிலேருந்து நட்ட எடுத்து அது மேல வெச்சாரு. போயிட்டாரு. புதன்கிழமை போனவரு. போன் எடுக்கல." ஃபோர்மேன் தன் பையிலிருந்து அந்த நட்டை எடுத்து மேசை மேல் வைத்தார். பதினான்கு வருடம் உருட்டி உருட்டி, அதன் ஆறு மூலையும் மழுங்கியிருந்தது. "திங்கக்கிழமை எட்டு மணிக்கு வரலைன்னா பேரை எடுத்துடுவாங்களாம். வேற ஆள் ரெடியா வெச்சிருக்காங்க. அவர் இல்லாம எனக்கு அந்த வேலையே வேணாம் டீச்சர்."



அவளுக்கு உடனே நாக்கு நுனியில் வந்தது ஒரு பதில்தான்: நீங்கள் பயன்படுத்திய முறை தப்பு, அட்டையைப் படிக்கக் கூடாது, உள்வாங்க வேண்டும், வாருங்கள் ஒரு தடவை ஒத்திகை பார்ப்போம். பத்தொன்பது வருடமாக, படி ஏறி விழுந்தவர்களுக்கெல்லாம் அவள் சொன்ன பதில் அதுதான். விழுந்தவன் காலில்தான் கோளாறு, படியில் இல்லை. இதைச் சொல்ல வாயைத் திறந்தவளை அவர் முந்திக்கொண்டார்.

"ஒரு தடவ நீங்க வந்து பேசுங்க டீச்சர். உங்க படிதானே."

அதற்கு மேல் எப்படி மறுப்பது? அவர் நட்டை எடுத்து மறுபடி பையில் போட்டுக்கொண்டார். அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

கம்பெனி வேனில் கிரீஸ் நாற்றம் மூக்கைத் துளைத்தது. காலடியில் கயிறும் சங்கிலியும். அவளுக்குப் பொழுது போகட்டும் என்று ஃபோர்மேன் தங்கள் வேலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே ஓட்டினார். பழைய லிஃப்டுகளில் ஒருவர் லிஃப்ட் பெட்டியின் கூரை மேல் ஏறி நிற்பார். இன்னொருவர் மொட்டை மாடியில் மோட்டார் அறையில் இருப்பார். பெட்டியை நகர்த்தும் பொத்தான் மோட்டார் அறையில் மட்டும்தான் உண்டு. இருவருக்கும் நடுவில் இருட்டுக் கிணறு, முகம் தெரியாது, குரல் மட்டும்தான்.

"கூரை மேல நிக்கிறவரு 'ரெண்டடி மேல'ன்னு கத்துவாரு. ரூம்ல இருக்கிறவன் 'ரெண்டடி மேல'ன்னு அதையே திருப்பிக் கத்தணும். அதைக் கேட்டுட்டு அவரு 'சரி'ன்னு சொல்லணும். அப்பத்தான் பொத்தான்ல விரல் வைக்கலாம். காதுல சரியா விழலைன்னா 'திரும்பச் சொல்லு'ன்னு கேக்கணும். கேக்க வெக்கப்பட்டவன் இந்த வேலையில இருக்க முடியாது."

"அட, இது என்னோட நாலாவது படிதான்!" என்றாள் அவள் உற்சாகமாக. உலகத்தில் எதைப் பார்த்தாலும் தன் படிக்கட்டில் கொண்டுவந்து உட்கார்த்தி வைப்பது அவளுக்குத் தொழில் வியாதி. "நல்ல முறை. இதுல எங்க லேட் ஆகுது?"

"ஒரு தடவ திருப்பிச் சொன்னா அவருக்குப் போதல. மூணு தடவ, நாலு தடவ கேக்கறாரு. 'சரி'ன்னு சொல்ல மாட்டேங்கறாரு."

"எப்போலேருந்து?"

"ரெண்டு மாசமா."

"அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?"

ஃபோர்மேன் கியரை மாற்றினார். "வண்டிங்க ரொம்ப ஜாஸ்தி இன்னைக்கு" என்றார். சாலை காலியாகத்தான் கிடந்தது. அவள் அதைக் கவனித்தாள், ஆனால் பேச்சை வளர்க்கவில்லை. அவள் மனம் முதல் படியை எப்படி நயமாகத் திரும்பத் தொடங்குவது என்பதில் இருந்தது.

நட்டண்ணன் வீடு மூன்றாவது மாடி. ஊரிலுள்ள லிஃப்டை எல்லாம் ஓட வைத்த மனுஷனுடைய கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. இரண்டாவது மாடி திரும்புவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. படியை வரைவதற்கும் ஏறுவதற்கும் உள்ள வித்தியாசம் முழங்காலுக்குத் தெரிந்தது.

கதவைத் திறந்தது நட்டண்ணனின் மனைவி. ஃபோர்மேனைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, பிறகு மலர்ந்ததற்காகக் கோபப்பட்டு, சுருங்கியது. "வாங்க தம்பி. வழி தெரிஞ்சுதா?" என்றாள்.

"அண்ணி, இவங்க டீச்சர். அண்ணன் இருக்காரா?"

இருந்தார். ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில், பழுதான மிக்ஸி ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐம்பத்திரண்டு வயது, பட்டையான தோள், சின்ன முகம். அவளைப் பார்த்து மரியாதைக்கு எழுந்து நின்றார். ஃபோர்மேனைப் பார்க்கவே இல்லை. மறுபடி உட்கார்ந்து மிக்ஸியோடு சேர்ந்துகொண்டார்.

அவள் தொண்டையைச் செருமினாள். "புதன்கிழமை நடந்தது உங்களுக்கு வருத்தமா இருந்திருக்கும். அதை உங்க பக்கத்துலேருந்து நான் புரிஞ்சுக்க விரும்பறேன். நீங்க மனசு விட்டுப் பேசறதுக்கு இது ஒரு..."

"இது எத்தனாவது படிங்க?" என்று கேட்டார் நட்டண்ணன், தலையை நிமிர்த்தாமல்.

டீச்சருக்குக் காது மடல் சூடானது. மூன்றாவது.

அண்ணி நின்றுகொண்டிருந்தவள் உள்ளே போனாள். காபி கொண்டுவருவாள் என்று நினைத்தார்கள். அவள் கொண்டுவந்தது ஒரு டார்ச் விளக்கு. தடித்த இரும்பு டார்ச். நடுவில் தகடாக நசுங்கி, இரண்டு முனையும் மட்டும் உருண்டையாக இருந்தது. அதை மேசை மேல், டீச்சருக்கு நேராக, ஓசை வராமல் வைத்தாள்.

"ரெண்டு மாசம் முன்னாடி இவர் இதை வேலைப் பையில ஒளிச்சு எடுத்துட்டு வந்தாரு. எப்படி ஆச்சுன்னு கேட்டா வண்டி ஏறிடுச்சுங்கறாரு. அன்னையிலேருந்து ராத்திரி தூக்கத்துல கம்பி எதையோ பிடிக்கிற மாதிரி கைய நீட்டறாரு. எந்த வண்டின்னு நான் இன்னும் கேக்கல. நீங்க பெரிய படிப்பு படிச்சவங்க. உங்க அட்டையில இது எங்க இருக்குன்னு காட்டுங்க."

ஃபோர்மேனின் முகம் பேயறைந்தது போல ஆனது. அவர் டீச்சரைப் பார்த்தார். பரீட்சையில் விடை தெரியாத பையன் ஜன்னலுக்கு வெளியே தெரிந்தவர் யாராவது நிற்கிறார்களா என்று பார்ப்பானே, அந்தப் பார்வை. ஏதாவது எடுத்துக் கொடுங்கள் டீச்சர்.

வேனில் தான் கேட்ட கேள்வியும், காலிச் சாலையில் அவர் மாற்றிய கியரும் இப்போதுதான் அவளுக்குச் சேர்ந்து புரிந்தன. நடந்ததை நடந்தபடி சொல் என்று எவ்வளவு அழகாக எழுதி வைத்திருக்கிறாள்! எங்கிருந்து சொல்லத் தொடங்க வேண்டும் என்று எழுதவில்லையே. ஆறு வேலை லேட் என்பது உண்மை, தேதி உண்மை, கட்டடக்காரர்கள் கத்தியதும் உண்மை. ஒரு பொய்கூட இல்லாமல் அந்த மனுஷன் தலையில் எல்லாவற்றையும் இறக்கி வைத்தாயிற்று. அட்டையைப் பிடித்திருக்கிறவன் பக்கம் தப்பு இருந்தால் என்ன செய்வது என்று பத்தொன்பது வருடத்தில் யாரும் அவளைக் கேட்டதில்லை. கேட்காததில் ஆச்சரியமும் இல்லை. வகுப்புக்கு வந்தவர்கள் எல்லோருமே அட்டையைப் பிடிக்கிறவர்கள்தான்.

தன்னுடைய தங்கையின் முகம் அப்போது ஏனோ கண் முன்னால் வந்தது. அவள் அதை ஒதுக்கிவிட்டு, ஃபோர்மேனிடம் மெதுவாகச் சொன்னாள்: "எனக்குத் தெரியலைங்க. இதுக்குப் படி இல்ல."

கீழே தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அது கிளம்பவில்லை.

"நான்தான் அழுத்தினேன்" என்றார் ஃபோர்மேன்.

நட்டண்ணன் மிக்ஸியின் பிளேடைச் சுழற்றிக்கொண்டிருந்தார். சுழற்றுவது நின்றது.

"திரும்பச் சொல்லு" என்றார்.

"அந்த ஏழு மாடிக் கட்டடத்துல, அஞ்சாவது மாடிக்குக் கீழ நீங்க பெட்டிக் கூரையிலேருந்து சாஞ்சு கிரீஸ் வெச்சிட்டிருந்தப்ப, ஆபீஸ்லேருந்து போன் வந்துச்சு. நான் ஃபோர்மேன் ஆகி ரெண்டாவது வாரம். போன் பேசிக்கிட்டே, உங்க குரல் வர்றதுக்கு முன்னாடி, நான்தான் பொத்தானை அழுத்தினேன். பெட்டி கிளம்பிடுச்சு. நீங்க குப்புற விழலைன்னா அந்த டார்ச் இருந்த இடத்துல உங்க கை இருந்திருக்கும். கீழ வந்து ரெண்டு பேரும் டீ குடிச்சோம். நீங்க ஒண்ணும் கேக்கல. கேக்கலைன்னதும் நான் அப்படியே விட்டுட்டேண்ணே. விட்டது மட்டுமில்ல, அதுக்கப்புறம் நீங்க மெதுவா இருக்கீங்கன்னு உங்க கிட்டயே வந்து கணக்கு சொன்னேன்."

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

நட்டண்ணன் முதல் முறையாக ஃபோர்மேனை நிமிர்ந்து பார்த்தார். மோட்டார் அறையிலிருந்து கத்துகிறவரைப் போல, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துச் சொன்னார்.

"போன் பேசிக்கிட்டே, என் குரல் வர்றதுக்கு முன்னாடி, நீதான் அழுத்தினே."

"சரி" என்றார் ஃபோர்மேன். சொன்னதும் அழுதுவிட்டார். நாற்பத்து நாலு வயது ஆள், சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தபடி, வெட்கமில்லாமல் அழுதார்.

"எனக்குப் பயமா இருக்குடா" என்றார் நட்டண்ணன். அவர் குரலில் கோபம் இல்லை. "கூரை மேல கால் வெச்சா முட்டி நடுங்குது. நீ சொல்றது காதுல விழுது. நல்லாத்தான் விழுது. நம்ப முடியல. அதை உன்கிட்ட எப்படிச் சொல்றது? பதினாலு வருஷம். நீயா வந்து சொல்லுவேன்னு டீக்கடையில பாத்தேன், அடுத்த நாள் பாத்தேன், ரெண்டு மாசம் பாத்தேன். அன்னைக்கு 'அண்ணே, கொஞ்சம் பேசணும்'னு வந்தியே, அப்பாடா சொல்லப் போறான்னு நினைச்சேன். நீ அட்டைய எடுத்தே."

"மன்னிச்சிடுங்கண்ணே."

"இரு, மன்னிப்பு கிடக்கட்டும். திங்கக்கிழமை நீ கூரை மேல நில்லு. நான் ரூம்ல இருக்கேன். பொத்தான் என்கிட்ட."

ஃபோர்மேன் ஆனவர்கள் கூரை மேல் ஏறுவது கம்பெனியில் வழக்கமில்லை. அதைவிட, இரண்டு மாதமாக மனம் கொதித்த ஒருவர் கையில் பொத்தானைக் கொடுத்துவிட்டு இருட்டில் நிற்க வேண்டும். "எத்தனை நாளைக்குண்ணே?"

"எனக்குச் சரியாகிற வரைக்கும்."

"நிக்கறேன்."

நட்டண்ணன் கையை நீட்டினார். ஃபோர்மேனுக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும் அவசரமாகப் பையைத் துழாவி, அந்தப் பித்தளை நட்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். அது சட்டைப் பைக்குள் போனது. அண்ணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "காபி போடறேன். டீச்சர், சர்க்கரை போடலாமா?" என்று கேட்டாள்.

ஃபோர்மேன் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று உட்கார்த்தி வைக்கப்பட்டார். டீச்சர் மட்டும் காபி குடித்துவிட்டுக் கிளம்பினாள். வேனில் கொண்டுவிடுகிறேன் என்றவரை வேண்டாம் என்று தடுத்துவிட்டு, தெரு முனைக்கு நடந்து பஸ் நிறுத்தத்தில் நின்றாள். பகல் இரண்டு மணி வெயில். கைப்பையில் இருபது முப்பது மஞ்சள் அட்டை கிடந்தன. அடுத்த வாரம் ஒரு பிஸ்கட் தொழிற்சாலைக்குக் கொடுக்க வேண்டியவை. கொடுப்பாள். கத்துகிறவர்களுக்கு அது வேண்டும். ஆனால் பலகையில் முதல் படியை வரைவதற்கு முன்னால் என்ன சொல்லப் போகிறாள் என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை.

போனை எடுத்தாள். எட்டு மாதமாகக் கூப்பிடாத எண், தங்கையுடையது.

எட்டு மாதத்துக்கு முன்னால் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்து ஒன்றரை மணி நேரம் ஈரத் தரையில் கிடந்தார். இரண்டு தெரு தள்ளி இருந்த தங்கை வந்து சேர அவ்வளவு நேரமாயிற்று. அம்மா தேறியதும் அவள் தங்கையை உட்கார்த்தி வைத்து, மிக நிதானமாக, குரலை உயர்த்தாமல், ஐந்து படியும் ஏறினாள். நடந்தது இது. நேரம் இது. இப்போது நீ பேசு. தங்கை பேசவில்லை. "வீட்டுலயுமா க்ளாஸ் எடுக்கறே?" என்று எழுந்து போனவள்தான். அம்மா இப்போது தங்கை வீட்டில் இருக்கிறார். வாரம் தவறாமல் இவள் அம்மாவிடம் போனில் பேசுகிறாள். பின்னால் பாத்திரச் சத்தம் கேட்கும். யாரும் யாரையும் விசாரிக்க மாட்டார்கள்.

அந்தப் பக்கம் மணி அடித்தது. எடுக்கப்பட்டது. ஆனால் குரல் வரவில்லை.

"நான்தான்" என்றாள். "அம்மா விழுந்த அன்னைக்கு அம்மா முதல்ல எனக்குத்தான் போன் பண்ணிருக்காங்க. தரையில கிடந்துக்கிட்டு. ஆறு தடவ. நான் க்ளாஸ்ல இருந்தேன். போனை அணைச்சு வெச்சிருந்தேன். அப்புறம்தான் அவங்க உன் நம்பரைத் தேடிக் கூப்பிட்டிருக்காங்க. அந்த ஆறு கால் என் போன்ல இருந்துச்சு. யாரும் பாக்கறதுக்குள்ள அழிச்சிட்டேன். அழிச்சிட்டுத்தான் உன்ன வந்து கேட்டேன்."

அந்தப் பக்கம் குழாய் திறந்து தண்ணீர் ஓடுகிற சத்தம். பிறகு யாரோ குழாயை மூடினார்கள்.

அவளுடைய பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது.

"திரும்பச் சொல்லு" என்றாள் தங்கை.

அவள் பஸ்ஸைப் போக விட்டுவிட்டு, முதலிலிருந்து சொன்னாள்.